புது வரி இல்லைன்னு பட்ஜெட்ல சொல்றாங்க, நடுவுல ஏத்துறதுக்கு யாருகிட்ட கணக்கு கேக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருநெல்வேலி பேட்டையில ஒரு ஜெராக்ஸ் கடை, அதுலயே இ-சேவை மையமும் வச்சு நடத்துறேன். ஈபி பில், வீட்டு வரி, வருமானச் சான்று, ரேஷன் கார்டுல பேர் சேக்கறது நீக்கறது, உரிமைத் தொகைக்கு மேல்முறையீடு, எல்லாமே எங்க கடையில தினமும் நடக்குற வேலை. அரசாங்கத்துக்கிட்ட இருந்து ஒரு வீட்டுக்கு என்ன வருது, அந்த வீட்டுல இருந்து அரசாங்கத்துக்கு என்ன போகுதுன்னு ரெண்டையும் ஒரே டேபிள்ல பாக்குறவன்ங்கிறதால இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

வருஷா வருஷம் பட்ஜெட் அன்னைக்கு எல்லா டிவியிலயும் எல்லா பேப்பர்லயும் "புதிய வரிகள் இல்லை"ன்னு பெருசா ஓடும். பொய்யுன்னு சொல்ல வரல, அன்னைக்கு வாசிக்கிற உரையில நிஜமாவே இருக்காது. ஆனா 2022ஆம் வருஷத்தையே எடுத்துக்குங்க, மார்ச் 18 அன்னைக்கு பட்ஜெட் வாசிச்சாங்க, ஏப்ரல் பொறந்த உடனே சொத்து வரி உயர்வு வந்துச்சு, 600 சதுர அடி வரைக்கும் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல போனா டபுள், சென்னையைத் தவிர மத்த மாநகராட்சிக்கு இதான் ரேட். ரெண்டே வாரம்தான் இடைவெளி. அதே வருஷம் செப்டம்பர் 10ல இருந்து கரண்டு கட்டணம் ஏறுச்சு. அடுத்த வருஷம் ஜூலை 10ல பத்திர ஆபீஸ் கட்டணங்க, நவம்பர்ல வண்டிக்கு சாலை வரி. 2024 ஜூலைல மறுபடியும் கரண்டு 4.83 சதவீதம். இதுல ஒண்ணு கூட பட்ஜெட் நாளன்னைக்கு வந்தது கிடையாது. எல்லாம் தனித்தனி ஆணை, தனித்தனி துறை, தனித்தனி தேதி. ஒரு குடும்பத் தலைவி இதையெல்லாம் சேத்து வச்சு மொத்தம் எவ்வளவு கூடிருக்குன்னு பாக்கணும்னா எந்த ஆவணத்தைப் பாக்கறது? அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. என்னோட மனத்தாங்கல் இதுதான்.

முதல்ல கரண்டு பில்லுக்கு வாரேன், ஏன்னா கடையில அதிகமா சண்டை வர்றது இதுலதான். பில் கட்ட வர்ற ஆச்சிமாரு மொபைல் நம்பரைச் சொல்லிட்டு நிப்பாங்க, நான் தொகையைச் சொன்ன உடனே "ஏ தம்பி, போன தடவ மாதிரிதானய்யா ஓடுச்சு, இந்த தடவ மட்டும் எப்பிடி இவ்வளவு வந்திருக்கு, நானென்ன ஏசியா போட்டிருக்கேன்"னு என்கிட்ட சத்தம் போடுவாங்க. அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும், பத்து யூனிட்டுதான் கூடியிருக்கும். விஷயம் என்னன்னா 500ங்கிற கோடு. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் வரைக்கும் ஓடுனா முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2022 ரேட்டுப்படி யூனிட் 2 ரூபா 25 காசு, அடுத்த 200க்கு 4 ரூபா 50, கடைசி 100க்கு 6 ரூபா, மொத்தம் 1,725 ரூபா. மீட்டர் 501ன்னு காட்டிட்டா அந்த ரெண்டாவது 100க்கு உள்ள 2.25 ரேட்டு போயிரும், அதுவும் 4.50 ஆயிரும், 501வது யூனிட்டுக்கு 8 ரூபா, ஆக 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபா. நியாயமா சொல்லணும்னா 2022க்கு முன்னாடி இருந்த முறையில இந்தப் பள்ளம் இன்னும் பெருசு, 500க்கு 1,130 கட்டுனவங்க 501 ஆனா 1,786 கட்டணும், அதைக் குறைச்சது நல்ல விஷயம்தான். ஆனா குறைச்சவங்க ஏன் மிச்சம் வச்சாங்க? பள்ளத்தை மூடிட்டு 500க்கு மேல உள்ள யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் ரேட்டு போட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்களே, அதிகமா செலவழிக்கிறவங்க அதிகமா கட்டட்டும். ஏற்கனவே ஓடி முடிஞ்ச யூனிட்டுக்கும் சேத்து ரேட்டை மாத்துறது எப்படி நியாயம்னுதான் கேக்குறேன்.

இதுல ரீடிங் எடுக்க நாலு நாள் தள்ளி வந்தா கதையே வேற. 60 நாள்ல 480ல நிக்கிற மீட்டர் 64வது நாள் 512ல நிக்கும், நம்ம ஊரு ஏப்ரல் மே வெயில்ல ராத்திரி ஃபேன் இல்லாம யாரு படுக்க முடியும். மாசம் ஒரு தடவ ரீடிங் எடுப்போம்னு 2021 திமுக தேர்தல் அறிக்கையில சொன்னாங்க, அப்புறம் ஸ்மார்ட் மீட்டர் வரட்டும்னு தள்ளி வச்சாங்க. மீட்டர் வர்ற வரைக்கும் நாள் கணக்குப்படி யூனிட்டைக் கழிச்சு பில் போட ஒரு சாஃப்ட்வேர் மாத்தம் போதாதா?

அடுத்து அதை விட எனக்கு மனசு கஷ்டமான விஷயம் ஒண்ணு. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்சப்ப ஒரு கோடிக்கு மேல பெண்களுக்கு மாசம் 1,000 ரூபா வர ஆரம்பிச்சுது, எங்க தெருவுலயும் நிறைய பேருக்கு வருது, அதோட மதிப்பு என்னன்னு கடைக்காரன் எனக்குத் தெரியும், 15ஆம் தேதி எங்க பாத்தாலும் கையில பணம் இருக்கும், மளிகைக் கடை அண்ணாச்சி பாக்கி வசூல் பண்றதே அன்னைக்குத்தான். ஆனா அதுக்கு வச்ச தகுதியில குடும்ப வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும்ங்கிறதோட, வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழ கரண்டு ஓடியிருக்கணும்னும் ஒரு விதி. ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட். கேக்க நியாயமாத்தான் படும். எங்க ஏரியாவுல வந்து பாருங்க.

எங்க கடைக்கு நாலு வீடு தள்ளி பீடி சுத்துற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. காலையில பீடிக் கடையில இலையும் தூளும் வாங்கிட்டு வந்து சுளகை மடியில வச்சு உக்காந்தாங்கன்னா சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான், தூள் பறக்கும்னு ஃபேனைக் கூட ஒண்ணுல ரெண்டுலதான் வைப்பாங்க. அவங்க வீடு ஒரே கட்டடம், ஆனா மூணு அடுப்பு. கீழ இவங்க குடும்பம், பின்னாடி அறையில மாமியார், மாடியில கொழுந்தனார் குடும்பம். ரேஷன் கார்டு மூணும் தனித்தனி. மீட்டர் மட்டும் ஒண்ணு, அதுவும் இறந்துபோன மாமனார் பேர்ல. மூணு குடும்பத்துக்கும் சேத்து ரெண்டு மாசத்துக்கு 650, 680ன்னு ஓடுது, அதாவது ஒரு குடும்பத்துக்குப் பாத்தா 230 கூட இல்ல. ஆனா கம்ப்யூட்டருக்கு மீட்டர் நம்பர்தான் தெரியும், மாடியும் கீழயும் தெரியாது. நிராகரிச்சதா எஸ்எம்எஸ் வந்துச்சு. முப்பது நாளைக்குள்ள கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு பண்ணலாம்னாங்க, நான்தான் போட்டுக் குடுத்தேன், அதுலயும் அதே மீட்டரை வச்சு அதே பதில்தான் வந்துச்சு. தனி மீட்டர் வாங்கிக்கக் கூடாதான்னு கேப்பீங்க. மாமனார் பேர்ல இருக்க வீட்டுக்கு தனி இணைப்பு வேணும்னா வாரிசு சான்று, மத்த வாரிசுகளோட சம்மதம், அவங்க பேருக்கு வீட்டு வரி ரசீது, அப்புறம் வயரிங் செலவு, வெளியூர்ல இருக்க நாத்தனார் வந்து கையெழுத்து போடணும், அந்த நாத்தனாருக்கும் இவங்களுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. இதெல்லாம் முடிச்சு ஆயிரம் ரூபா வாங்குறதுக்குள்ள ஒரு பீடிக்காரி எத்தனை நாள் கூலியை விடணும்.

சேந்து வாழ்ற குடும்பத்துக்குத்தான் இந்த அடி. தனித்தனியா வாடகைக்குப் போயிருந்தா மூணு பேருக்கும் 100 யூனிட் இலவசமும் கிடைக்கும், 500 கோடும் தொடாது, உரிமைத் தொகையும் வரும். வசதி இல்லாததாலதான் ஒரே கூரையில இருக்காங்க, அதையே வசதின்னு கணக்கு வச்சா எப்படி? மேலப்பாளையம், முக்கூடல், வீரவநல்லூர்னு பீடியும் தறியும் இருக்க ஊர் எல்லாத்துலயும் இந்த மாதிரி கூட்டு வீடுங்கதான். கரண்டை அளவுகோலா வைக்கிறதா இருந்தா அந்த மீட்டர்ல எத்தனை ரேஷன் கார்டு இருக்கோ அத்தனையால வகுத்துப் பாக்கணும். முகவரி ஒண்ணா இருக்க கார்டுகளை எடுக்கறது அரசாங்கத்துக்குப் பெரிய வேலையே இல்ல, ரேஷன் கார்டு விவரம் எல்லாம் அவங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு.

இதைப் படிச்சிட்டு யாரும் நான் திட்டங்களுக்கு எதிரின்னு நினைக்க வேண்டாம். டவுன்ல ஜவுளிக் கடையில வேலை பாக்குற பொண்ணுங்களுக்கு சாதா டவுன் பஸ்ல டிக்கெட் இல்லைங்கிறது சம்பளம் கூடுன மாதிரி. காலை உணவு 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்ப அரசுப் பள்ளிக்கு மட்டும்தான், நம்ம நெல்லை சீமையில நிறையப் பிள்ளைங்க படிக்கிறது மிஷன் ஸ்கூல் மாதிரி உதவி பெறும் பள்ளியிலதான்ங்கிறதால ரொம்ப பேருக்கு கிடைக்கல, அப்புறம் 2024 ஜூலைல கிராமத்து உதவி பெறும் பள்ளிக்கும், 2025 ஆகஸ்ட்ல டவுன் பள்ளிக்கும் வந்துச்சு. காலேஜ் படிக்கிற பொண்ணுங்களுக்குக் குடுக்குற புதுமைப் பெண் பணமும் அதே மாதிரி 2024 டிசம்பர்ல உதவி பெறும் பள்ளியில தமிழ் வழி படிச்ச பிள்ளைங்களுக்கும் விரிவாச்சு. 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி வந்து ஜங்ஷனையே முழுகடிச்சப்ப ரேஷன் கடையில குடுத்த 6,000 ரூபாதான் நிறைய வீட்டுல பாய் தலகாணி வாங்க உதவுச்சு. இதுக்கெல்லாம் பணம் வேணும், பணம் வரியாத்தான் வரணும். வரியே போடாதேன்னு நான் சொல்லல.

மாநிலத்துக்கு உள்ள நெருக்கடியும் புரியுது. 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்த பிறகு சோப்புக்கு என்ன வரி, அரிசிக்கு என்ன வரின்னு சென்னையில தனியா முடிவு பண்ண முடியாது. அதனால வர்ற நஷ்டத்துக்கு வருஷம் 14 சதவீத வளர்ச்சி கணக்குல 5 வருஷம் ஈடு குடுத்தாங்க, 2022 ஜூன் மாசத்தோட அது முடிஞ்சுது. மேல நான் சொன்ன உயர்வு எல்லாம் 2022ல இருந்துதான் வரிசையா வருதுங்கிறதை கவனிச்சீங்கன்னா காரணம் தெரியும். மாநிலத்து கையில மிச்சம் இருக்கிறது பெட்ரோல் டீசல், சாராயம், பத்திரம், வண்டி, கரண்டு, இவ்வளவுதான், அதனால இதையே திருப்பித் திருப்பி கறக்காங்க. டெல்லி வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிக்கறதுன்னு சொல்றது நிதிக்குழு, 10ஆவது நிதிக்குழு காலத்துல மாநிலங்களுக்குப் பிரிக்கிற வரியில நம்ம பங்கு 6.637 சதவீதம், 15ஆவது நிதிக்குழுவுல 4.079 சதவீதம். செஸ், சர்சார்ஜ்னு வரிக்கு மேல கூடுதலா டெல்லி வசூலிக்கிறதுல பங்கே கிடையாது. சொத்து வரி கூட்டுனதுக்கும் 15ஆவது நிதிக்குழு மானியத்துக்கு வச்ச நிபந்தனையைத்தான் காரணமா சொன்னாங்க. டெல்லி செய்யுறது சரியில்லைதான். அதுக்காக 233 ரூபா பள்ளத்தை பேட்டையில இருக்க ஆச்சிக்கு வெட்டணும்னு டெல்லி சொல்லலையே.

பத்திர விஷயத்தையும் சொல்லிடுறேன். 2023 பட்ஜெட்ல பதிவுக் கட்டணத்தை 4ல இருந்து 2 சதவீதமா குறைச்சாங்கன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம், ஆனா கூடவே வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரம் பதிய இடத்துக்கு அரசாங்கம் வைக்கிற மதிப்பை, 2017க்கு முன்னாடி இருந்த அளவுக்கு ஏத்துனாங்க. 2017ல மூணுல ஒரு பங்கு குறைச்சதைத் திருப்பி ஏத்துனா 10 லட்சம் 15 லட்சம் ஆகும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 சேத்து 10 லட்சத்துக்கு 11 சதவீதம் 1,10,000. இப்ப 7ம் 2ம் சேத்து 15 லட்சத்துக்கு 9 சதவீதம் 1,35,000. இதையாவது பட்ஜெட்ல சொல்லித்தான் செஞ்சாங்க. ஜூலைல வந்தது சத்தமே இல்லாம வந்துச்சு. அப்பா மகளுக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதி வச்சா பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ஆனா 4,000க்கு மேல போகாது, அந்த உச்சவரம்பை 10,000 ஆக்கிட்டாங்க. 4 லட்சம் வீட்டுக்கு மாத்தம் இல்ல, ரெண்டு கோடி பங்களாவுக்கும் பதிவுக் கட்டணத்துல 6,000தான் கூடுது. 10 லட்சம் பெறுமான வீட்டை மகளுக்கு எழுதுற ரிட்டயர்டு வாத்தியாருக்கும் அதே 6,000 கூடுது. யாருக்கு வலிக்கும்? 2025 ஏப்ரல்ல இருந்து பெண்கள் பேர்ல 10 லட்சம் வரைக்கும் சொத்து வாங்குனா 1 சதவீதம் சலுகை குடுத்திருக்காங்க, அந்த சலுகையை செட்டில்மென்டுக்கும் குடுத்தா எத்தனையோ அப்பாமார் உயிரோட இருக்கும்போதே எழுதி வைப்பாங்க, பின்னாடி வாரிசு சான்றுக்கு என் கடைக்கு அலைய வேண்டியிருக்காது.

வண்டியும் அப்படித்தான். டூவீலருக்கு 8 சதவீதமா இருந்த வரி 2023 நவம்பர்ல ஒரு லட்சம் வரைக்கும் 10, அதுக்கு மேல 12ன்னு ஆச்சு. 2025 செப்டம்பர்ல சின்ன பைக்குங்களுக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18க்கு இறங்குச்சு, இந்த சாலை வரி அப்படியே நிக்குது. கொத்தனார் வேலைக்குப் போறவருக்கு பைக் இல்லாம விடியக்காலம் பாளையங்கோட்டையில போய் நிக்க முடியுமா?

டாஸ்மாக்கைப் பத்தி எழுதாம இருக்க முடியல. 2023-24ல மட்டும் அதுல அரசாங்கத்துக்கு வந்தது 45,855 கோடி. 2025-26 பட்ஜெட்ல உரிமைத் தொகைக்கு ஒதுக்குனது 13,807 கோடி, பெண்கள் இலவச பஸ்ஸுக்கு 3,600 கோடி. ரெண்டையும் கூட்டுனாலும் சாராயத்துல வந்ததுல பாதி கூட வரல. அந்த 45,855 கோடி எங்க இருந்து வருது? தினக்கூலி வாங்குறவங்க வீட்டுல இருந்துதான் பெரும்பங்கு வருதுன்னு எங்க தெருவைப் பாத்தே சொல்வேன். மனைவி கணக்குல 1,000 ஏறுது, புருஷன் பாக்கெட்ல இருந்து அதைப் போல பல மடங்கு இறங்குது, ரெண்டுக்கும் ஒரே கஜானா. நம்ம பக்கத்து பொம்பளைங்க கிட்ட கேட்டா நாளைக்கே ஆயிரத்தையும் வேண்டாம்னுருவாங்க, கடையை மூடுங்கன்னு கும்பிடுவாங்க. ஒரே நாள்ல மூட முடியாது, கள்ளச்சாராயம் வரும், அதெல்லாம் தெரியும். ஆனா வருஷத்துக்கு எத்தனை கடை குறையும், அந்த வருமானத்துக்குப் பதிலா எது வரும்னு ஒரு பத்து வருஷத் திட்டம் எந்த பட்ஜெட்லயும் வரலையே, அதை எழுத ஏன் யாருக்கும் மனசு வரல?

2021 ஆகஸ்ட்ல அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதி நிலைமை பத்தி வெள்ளை அறிக்கை விட்டப்ப ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபா கடன்னு போட்டிருந்தாங்க. எங்க கடையில அதைப் பத்தி ஒரு வாரம் பேச்சு, ஏன்னா கோடி கோடின்னு சொல்றது யாருக்கும் ஏறாது, உன் வீட்டுக்கு இவ்வளவுன்னு சொன்னாத்தான் உறைக்கும். 2026 மார்ச் முடிவுல கடன் 9,29,959 கோடியா இருக்கும்னு 2025-26 பட்ஜெட்ல போட்டாங்க, ஏறக்குறைய 2.2 கோடி குடும்பம்னு வச்சு வகுத்தா 4 லட்சத்துக்கு மேல வருது. அதே பட்ஜெட்ல மாநிலத்தோட சொந்த வரி வருமானம் 2,20,895 கோடி, அதையும் வகுத்தா சராசரியா ஒரு குடும்பத்துக்கு வருஷம் ஒரு லட்சம். கம்பெனிக்காரங்க, பணக்காரங்க கட்டுறதும் சேந்ததுதான் அது, இருந்தாலும் சாதாரண குடும்பம் வரியே கட்டுறதில்ல, சும்மா வாங்கித் தின்னுதுன்னு பேசுறவங்க இதை யோசிக்கணும். கடன் வாங்கி அணை கட்டலாம், ரோடு போடலாம். 41,635 கோடி வருவாய் பற்றாக்குறைன்னா அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குறோம்னு அர்த்தம், அந்த வட்டி நாளைக்கு மறுபடி எந்தப் பில்லுல ஏறி வரும்னு பயமா இருக்கு.

அதனால கேக்கறது இதுதான். வெள்ளை அறிக்கையில கடனை குடும்பக் கணக்கா போட்ட மாதிரி, ஒவ்வொரு பட்ஜெட்லயும் போன 12 மாசத்துல எந்தெந்தத் துறை எந்தெந்தக் கட்டணத்தை எப்ப எவ்வளவு ஏத்துச்சு, அதனால 250 யூனிட் ஓடுற வீட்டுக்கு, 900 சதுர அடி வீட்டுக்கு, ஒரு பைக் வாங்குற வீட்டுக்கு எவ்வளவு கூடுச்சுன்னு ஒரே பக்கத்துல போட்டுச் சட்டசபையில வைக்கணும். பட்ஜெட் முடிஞ்ச பிறகு அந்த வருஷம் முழுக்க எதையும் ஏத்தக்கூடாது, அவசரம்னா சபையில வந்து காரணம் சொல்லிட்டு ஏத்தணும். மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் ஏத்துச்சு, மாநகராட்சிதான் ஏத்துச்சுன்னு ஒருத்தர் மேல ஒருத்தர் சொல்றதை எங்க சனங்க கேட்டு அலுத்துப் போச்சு.

உங்க பேப்பரும் ஒரு உதவி செய்யணும். பட்ஜெட் மறுநாள் அறிவிப்புகளை கட்டம் கட்டிப் போடுறீங்கள்ல, பக்கத்துலயே போன வருஷம் ஏறுன கட்டணங்களையும் ஒரு கட்டம் போடுங்க. நம்ம மாவட்டத்து எம்எல்ஏக்கள் எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, மின்சாரத் துறை மானியக் கோரிக்கை வர்ற அன்னைக்கு யாராவது ஒருத்தர் எந்திரிச்சு 500 யூனிட் பள்ளத்தையும், ஒரே மீட்டர்ல மூணு ரேஷன் கார்டு இருக்க வீட்டுக்கு உரிமைத் தொகை ஏன் இல்லைங்கிறதையும் கேக்கணும். எங்க ஏரியாவுல அப்படிப்பட்ட வீடுங்களோட விவரம் வேணும்னா அவங்ககிட்ட சம்மதம் வாங்கி எழுதித் தர நான் தயாரா இருக்கேன்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்துபவர்,
பேட்டை, திருநெல்வேலி.